சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

எங்கள் வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு முதல் நாளே இரண்டு இன்சுலின் சிரிஞ்சுகளை எடுத்துக் காட்டுவேன். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு ஆரஞ்சு மூடி. ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கிற இன்சுலினுக்குச் சிவப்பு, 100 யூனிட் இருக்கிறதுக்கு ஆரஞ்சு. நம் ஊரில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் 40. இன்சுலின் பேனாவுக்குள் போடுகிற மருந்துக் குழாய், கார்ட்ரிட்ஜ், 100. பிள்ளைகள் தெரியும் என்று தலையாட்டுவார்கள். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும்தான் அந்த ராத்திரி மாற்றிப் போட்டேன்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். நைட் டியூட்டியில் முப்பது பெட்டுக்கு நானும் ஒரு ட்ரெய்னிப் பெண்ணும்தான். காலில் ஆறாத புண்ணோடு ஒரு பெரியவர் படுத்திருந்தார். மஞ்சள் விவசாயம் செய்கிறவர். இன்சுலின் பேனாவை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார், ஆனால் பேனா ஊசி தீர்ந்துபோயிருந்தது. "அதுலிருந்தே உறிஞ்சிப் போட்டு உடு கண்ணு, சோறு திங்கோணுமல்லோ" என்றார். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சவே கூடாது. பார்மசிக்கு ஆள் அனுப்பி ஊசி வாங்கியிருக்க வேண்டும். நான் ட்ரேயில் கிடந்த சிரிஞ்சை எடுத்தேன். சிவப்பு மூடி. கேஸ் ஷீட்டில் 20 யூனிட். 20 கோடு வரைக்கும் உறிஞ்சிப் போட்டுவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு என்றால் அரை மில்லி. கார்ட்ரிட்ஜ் மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட்.

பத்தரை மணிக்கு அவர் சம்சாரம் ஓடி வந்தார். "சிஸ்டரம்மா, இவுகளுக்கு வேர்த்து ஊத்துதுங்க, கூப்பிட்டாப் பேச்சுமில்லீங்க." பெட்ஷீட் நனைந்திருந்தது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 25 சதவீதம், 100 மில்லி பாட்டிலை ஏற்றினோம். பத்து நிமிஷத்தில் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் ட்ரேயைப் பார்த்தேன். கிட்னி ட்ரேயின் ஓரத்தில் அந்தச் சிவப்பு மூடி கிடந்தது.

நைட் சூப்பர்வைசர் அக்காவிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அவர்தான். "பேஷண்ட் சரியாச் சாப்பிடலைன்னு எழுதிக்கோ. இப்பத்தான் சரியாயிருச்சில்ல. வெளிய தெரிஞ்சா உன் வேலை போயிரும் பாத்துக்கோ" என்றார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். எழுதியிருப்பேன். ஆனால் போட்டது பிரிமிக்ஸ், இரண்டு வகை கலந்த இன்சுலின். அதில் பாதிக்கு மேல் மெதுவாக, ராத்திரி முழுக்க வேலை செய்கிற மருந்து. சாப்பிடாததால் இறங்கியது என்று டாக்டர் நினைத்தால் ஒரு பாட்டில் டெக்ஸ்ட்ரோஸோடு நிறுத்திவிடுவார். அடுத்த சர்க்கரை டெஸ்ட் காலையில்தான். 50 யூனிட் உள்ளே போன உடம்பு இரண்டு மணிக்கு மறுபடியும் இறங்கும். வீட்டுக்காரம்மாவும் அசந்து தூங்கியிருப்பார். நான் மறைத்தால் என் வேலை மிஞ்சும், அந்த மனுஷன் விடியக் காண மாட்டார்.

டியூட்டி டாக்டரை எழுப்பிச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். திட்டவில்லை. 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஓடட்டும், மணிக்கொரு தடவை சர்க்கரை பார் என்றார். இரண்டேகால் மணிக்கு, டிரிப் ஓடிக்கொண்டிருக்கும்போதே 61க்கு இறங்கியது. டிரிப் வேகத்தைக் கூட்டினோம். விடியக் காலை 130க்கு வந்து நின்றது.

நர்ஸ் நோட்ஸில் நான் எழுதியது இதுதான்: "இரவு 7.45க்கு 20 யூனிட்டுக்குப் பதில் 50 யூனிட் போடப்பட்டது. 10.30க்கு வேர்வை, பேச்சில்லை, சர்க்கரை 38. டெக்ஸ்ட்ரோஸ் 25%, 100 மில்லி. 10.50க்கு டியூட்டி டாக்டருக்குத் தகவல்." கை நடுங்கியதால் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. காலையில் டாக்டரும் நானும் சேர்ந்து போய் அவர்களிடம் சொன்னோம். மகன் சத்தம் போட்டார். போலீசுக்குப் போவேன் என்றார். பெரியவர் ஒன்றுமே பேசவில்லை. மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போனார்கள், அந்த ஆஸ்பத்திரிக்கு அப்புறம் வரவே இல்லை. எனக்கு மெமோ வந்தது, ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்தம் இருந்தது. அதற்குப் பிறகு இருபது வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன்.

சட்டத்தைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே தவிர யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. நர்ஸ் செய்யும் தவறுக்கு நஷ்டஈடு என்று வந்தால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிதான் பதில் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1998ல் வந்த தீர்ப்பு நேரடியாக நம்மைப் பற்றியது. ஒரு குழந்தைக்கு நர்ஸ் நரம்பில் போட்ட ஊசியால் மூளை பாதித்துவிட்டது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோருக்கு 5 லட்சம் என்று நுகர்வோர் ஆணையம் சொன்னதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த ஊசியைப் போட்டவருக்கு அதற்கான முறையான தகுதி இருக்கவில்லை. நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி ஊசி போடச் சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைதான் ஞாபகத்துக்கு வரும். பதிவு இல்லாத பிள்ளை போடும் ஊசிக்கு, பக்கத்தில் நிற்கிற பதிவு பெற்ற நர்ஸும் பதில் சொல்ல வேண்டி வரலாம்.

கிரிமினல் வழக்கு வேறு மாதிரி. அதை ஆஸ்பத்திரி நமக்காகச் சுமக்க முடியாது. எல்லாத் தவறும் குற்றமாகாது, கொஞ்சமும் பொறுப்பில்லாத பெரிய அலட்சியமாக இருக்க வேண்டும் என்று 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106ஆம் பிரிவை ஒவ்வொரு நர்ஸும் ஒருதரமாவது படிக்க வேண்டும். அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் ஐந்து வருஷம் வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் இரண்டு வருஷம் வரை. அந்தப் பிரிவு சொல்லும் மருத்துவர் யாரென்றால், மருத்துவப் பதிவேட்டில் பேர் உள்ளவர். நம் பேர் அதில் இல்லை. ஒரே அறையில் ஒரே பேஷண்ட்டுக்கு நின்று வேலை செய்யும் இரண்டு பேருக்கு இரண்டு அளவு. இது நியாயமில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மாறும்வரை அதுதான் சட்டம், தெரிந்து வைத்திருப்பது நமக்கு நல்லது.

அதனால் போனில் சொல்லும் ஆர்டரை நான் திருப்பிச் சொல்லாமல் வாங்குவதில்லை. மருந்து பேர், அளவு, எந்த வழியில், எத்தனை மணிக்கு. "சார், பொட்டாசியம் குளோரைடு ஒரு ஆம்பியூல், ஒரு பாட்டில் நார்மல் சலைன்ல கலந்து, மெதுவா, சரிங்களா?" சில டாக்டர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும். கலக்காத பொட்டாசியம் நேரே நரம்பில் போனால் நெஞ்சு நின்றுவிடும். திருப்பிச் சொன்னதையும் நேரத்தோடு எழுதி, டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்கிவிடுவேன். ஆர்டரே தப்பாகத் தெரிந்தால் போடாமல் நிறுத்திவிட்டுக் கேட்பேன். "டாக்டர் சொன்னார், போட்டேன்" என்ற பதில் நீதிமன்றத்திலும் எடுபடாது, மனசாட்சியிலும் எடுபடாது.

எழுதும் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். டியூட்டி முடியும் நேரத்தில் எட்டு மணி நேரத்து பி.பி.யை ஒரே மூச்சில் எழுதாதீர்கள். 120/80, 120/80 என்று வரிசையாக எழுதியிருப்பதைப் பார்த்தால் வக்கீல் கூட வேண்டாம், யாருக்கும் தெரிந்துவிடும். பிழை வந்தால் ஒரே கோடு போட்டு அடியுங்கள், அடித்தது படிக்கிற மாதிரி இருக்கட்டும், பக்கத்தில் கையெழுத்தும் நேரமும். வெள்ளை மை தொடக் கூடாது. விட்டுப்போனதைப் பிறகு எழுதினால் "தாமதப் பதிவு" என்று போட்டு, எழுதுகிற நேரத்தைப் போடுங்கள். பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுது என்று யார் சொன்னாலும், எந்தப் பதவியில் இருந்தாலும், செய்யாதீர்கள். பேஷண்ட் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதி சொல்கிறது. அந்தக் காகிதம் பேஷண்ட்டைப் பற்றியது. அதில் என்ன நடந்ததோ அது இருக்க வேண்டும்.

கையெழுத்து வாங்குவது இன்னொரு பெரிய விஷயம். நம் பக்கம் ஒருவர் படுத்தால் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வந்து நிற்கும். அது நல்லதுதான். ஆனால் முடிவையும் அவர்களே எடுத்துவிடுவார்கள், படுத்திருப்பவரை யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளிபாளையத்துப் பக்கம் விசைத்தறியில் வேலை செய்யும் ஒரு பெண், நாற்பத்திரண்டு வயசு. சினைப்பையில் கட்டி. காலையில் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவதற்கு முன் ஃபார்மைப் பார்த்தேன். கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுப்பதாக எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "ஏனுங்க அக்கா, என்ன ஆபரேசன்னு சொன்னாங்க?" "கட்டி எடுக்கறாங்கன்னாங்க." "கர்ப்பப்பையை எடுக்கறதுங்க?" அவர் முகம் மாறிப்போனது. "அதெதுக்குங்க எடுக்கோணும்?"

ஸ்ட்ரெச்சரை நிறுத்திவிட்டு சர்ஜனைக் கூப்பிட்டேன். அவருக்குக் கோபம். இருபது நிமிஷம் தாமதம். வந்து உட்கார்ந்து விளக்கினார், அந்த அக்கா கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னார். "கட்டியை மட்டும் எடுங்க, அது இருக்கட்டுங்க" என்று சொல்லி, பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒன்றுக்கு வாங்கின சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கர்ப்பப்பை எடுத்த விஷயத்தில்தான். பதினெட்டு வயசு நிரம்பி, புத்தி தெளிவாக இருக்கும் பெண்ணுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து சட்டத்தில் தேவையே இல்லை, கருக்கலைப்புக்கும் அப்படித்தான். விளக்குவது டாக்டர் வேலை. நாம் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம் என்றால், டாக்டர் விளக்கியதையும் பேஷண்ட் கையெழுத்துப் போட்டதையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். காலிப் ஃபார்மில் மொத்தமாக நாலு கையெழுத்து வாங்கி வைக்கிற பழக்கம் எங்கே இருந்தாலும் அதில் உங்கள் பேரைச் சேர்க்காதீர்கள்.

ரகசியம் பற்றி ஒன்று. நான் வேலைக்கு வந்த காலத்தில் எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்றால் கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி, பெட்டிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் அந்த ஸ்டிக்கரைத் துண்டால் மூடிக்கொண்டே மூன்று நாள் படுத்திருந்தார். சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்குத் தெரியக் கூடாது என்று. அந்த ஸ்டிக்கரை ஒட்டியது நான். 2017ல் வந்த எச்.ஐ.வி. சட்டம் இதைத் தடுக்கிறது, அவர் சம்மதம் இல்லாமல் நிலையை வெளியே சொல்லக் கூடாது. ரத்தம் யாருடையதாக இருந்தாலும் கையுறை போடு, ஊசியை மறுபடி மூடாதே என்று எல்லோருக்கும் ஒரே முன்னெச்சரிக்கை எடுத்தால் ஸ்டிக்கருக்கு வேலையே இல்லை. இப்போது ஸ்டிக்கர் போய் செல்போன் வந்திருக்கிறது. பிறந்த குழந்தையோடு செல்ஃபி, ஐ.சி.யூ.வில் ரீல்ஸ். பின்னால் மானிட்டரில் ஒரு பேர் தெரியும், ஒரு முகம் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

ஆனால் ரகசியம் காக்கக் கூடாத இடமும் உண்டு. வயிற்று வலி என்று பதினாறு வயசுப் பெண்ணை அம்மா கூட்டி வந்தார். ஸ்கேனில் நாலு மாதம். சொந்தத்திலேயே கோயிலில் வைத்துக் கல்யாணம் முடித்திருக்கிறார்கள். "வயசு பத்தொம்பதுன்னு போட்டுருங்க சாமி, உங்க காலுல உழுகறேன்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலிடத்திலிருந்தும் அதே யோசனைதான் வந்தது. ஆதார் அட்டையில் இருந்த பிறந்த தேதியை அப்படியே எழுதினேன். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்த யாரும் தகவல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு, நர்ஸுக்கும் சேர்த்துத்தான். கோயிலில் கல்யாணம் நடந்ததால் அது மாறாது. குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொன்னோம். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் போகும்போது என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது இன்னும் மனசில் கிடக்கிறது. அவளுக்குத் தனியாக உட்கார்ந்து, இன்னின்னது நடக்கும், நீ பயப்பட வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேலை அவசரத்தில் விட்டுவிட்டேன். இப்போது அப்படி ஒரு பிள்ளை வந்தால் போன் எடுப்பதற்கு முன் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் பேசுகிறேன்.

கடைசியாக, நம் பக்கத்துக்கே உரிய ஒன்று. உசுரு ஊட்டுலதான் போகோணும் என்பது. போன வருஷம் எண்பது தாண்டிய ஒரு அமுச்சி (பாட்டி), மூளையில் ரத்தக் கசிவு, வெண்டிலேட்டரில் ஆறு நாள். இனி முடியாது என்று டாக்டர் சொன்னதும் மகன்கள் கூடிப் பேசி, ஊட்டுக்குக் கொண்டுபோயிர்றோமுங்க என்றார்கள். இனி முடியாது என்றவருக்கு வெண்டிலேட்டரை நிறுத்தச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2018ல் உச்ச நீதிமன்றம் காட்டி, 2023ல் எளிமையாக்கிய வழி. சிகிச்சை கொடுக்கும் டாக்டரோடு இன்னும் இரண்டு பேர் உள்ள குழு, அதற்கு மேல் இன்னொரு குழு, குடும்பத்தின் சம்மதம். நான் டாக்டரிடம் கேட்டேன். மகன்களுக்குக் காத்திருக்க மனசில்லை. மருத்துவ ஆலோசனைக்கு எதிராகக் கூட்டிப் போகிறோம் என்று மூத்த மகன் கையெழுத்துப் போட்டார். என்னை ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள்.

காங்கேயம் தாண்டி உள்ளே ஒரு தோட்டம். வழியெல்லாம் கிளுவை வேலி. அறுபது கிலோமீட்டரும், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கை அமுக்கிக்கொண்டே வந்தேன். வாசலில் கட்டிலைப் போட்டு வைத்திருந்தார்கள். இறக்கியதும் சின்ன மகன் மெதுவாகச் சொன்னார், "அந்தக் குழாயை எடுத்துரு கண்ணு, போதும்." எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். "நான் எடுக்கக் கூடாதுங்கண்ணா. டாக்டர் வரோணும். அதுவரைக்கும் நான் இங்கயே இருக்கறனுங்க" என்றேன். சீஃப் டாக்டருக்குப் போன் போட்டேன், அவர் பக்கத்து ஊரில் தெரிந்த டாக்டர் ஒருவரைப் பிடித்து அனுப்புவதாகச் சொன்னார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பேத்தி ஒருத்தி துளசித் தண்ணீர் கொண்டுவந்தாள். வாயில் குழாய் இருக்கும்போது ஊற்ற முடியாது. பஞ்சை அதில் நனைத்து அவளிடம் கொடுத்து உதட்டில் ஒற்றச் சொன்னேன். நான் அமுக்குவதை நிறுத்தவில்லை. இடது கையால் அமுச்சியின் கழுத்து நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் விளக்கில் நோட்ஸ் எழுதினேன். மாலை 5.35, நாடி இல்லை, மூச்சு இல்லை, குடும்பத்தார் உடன் இருந்தனர். 6.10, டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்தார், அவர் சொன்ன பிறகு குழாயும் கையில் நரம்பில் போட்டிருந்த வென்ஃப்ளான் ஊசியும் எடுக்கப்பட்டன. 6.20, முகம் துடைத்து, கண் மூடி, மூத்த மகளிடம் ஒப்படைக்கப்பட்டது.